மீட்டர்காரர் வண்டியில் குறைந்த தண்ணீர்

ஒரு காரின் சீட்டுகளைப் பார்த்தால் அந்த வீட்டைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மட்டும் நைந்திருந்தால், அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவர். பின் சீட்டின் தையலுக்குள் பிஸ்கட் தூள் போயிருந்தால் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள். பத்தொன்பது வருடமாகச் சீட்டுக் கவர் தைக்கிறேன், இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. பேசத்தான் எனக்கு வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆமாம், இல்லை, நாளைக்கு என்ற மூன்று சொற்களை வைத்தே கடையை ஓட்டிவிடுவேன்.

மீட்டர்காரர் வண்டியின் முன் சீட்டுகள் மாதிரி வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே துணியில் நான்தான் கவர் தைத்தேன். நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட துணி. ஏழு வருடத்துக்கு அப்புறம் பார்த்தால், டிரைவர் சீட்டின் நீலம் சாம்பலாகி, ஓரம் கிழிந்து, ஸ்பாஞ்சு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு தைத்த அன்று இருந்தபடியே இருந்தது. தலைப்பகுதி தொடங்கி, கால் வைக்கும் இடம்வரை கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை இறக்கி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி வைத்திருந்தார். அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. கூட வேலை பார்ப்பவர்களை எங்கேயாவது இறக்கிவிடுவதென்றால் பின் சீட்டில்தான் ஏற்றுவார்.

"மீட்டர் சார், பின்னாடி உக்காந்து வந்தா உங்களை எங்க டிரைவர்னு நினைச்சுக்குறாங்க," என்று அவர்கள் கிண்டல் செய்வார்களாம்.

"நினைச்சுக்கட்டும்," என்பாராம்.

தண்ணீர் வாரியத்தில் வேலை என்பதால் அந்தப் பெயர். வீடு வீடாகப் போய், வாசல் ஓரத்து இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். இருபத்தாறு வருடமாகக் குனிந்ததில் நடையே முன்பக்கம் சாய்ந்துவிட்டது. எந்த வீட்டிலாவது தண்ணீர் அதிகமாக ஓடியிருந்தால் அவர் சொல்லும் வழி ஒன்றுதான். "எல்லாக் குழாயையும் மூடுங்க. அப்புறமும் முள்ளு நகர்ந்தா எங்கயோ கசியுது." தரையில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பார் என்று தெருவில் பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவர் வண்டியில்தான் நாலு மாதமாகத் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது.

என் கடையும் மெக்கானிக் அண்ணனின் பட்டறையும் ஒரே தகரக் கூரையின் கீழ்தான். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். நான் தையல் மெஷினில் குனிந்திருந்தாலும் அந்தப் பக்கம் பேசுவது அத்தனையும் காதில் விழும்.

"ஊர்த் தண்ணியை எல்லாம் அளக்குறீங்க. உங்க வண்டித் தண்ணி எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியலையா சார்?" என்றார் மெக்கானிக், முதல் நாள்.

மீட்டர்காரர் சிரிக்கவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட் தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

மெக்கானிக் அண்ணன் வாய்தான் கொஞ்சம் நீளமே தவிர வேலையில் சுத்தமானவர். வண்டியின் அடியில் அட்டையை விரித்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தார். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. ஹோஸ் கிளிப்புகளை எல்லாம் இறுக்கினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். வாட்டர் பம்பைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தார். சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா, எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார். எதுவும் இல்லை. கடைசியில் தொட்டி வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்து, அதன் முள்ளையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். முள் மெதுவாக இறங்கியது. வெளியே ஒரு சொட்டுகூட வரவில்லை.

"இறங்குது, ஆனா எங்கயும் ஒழுகல. பேய் குடிக்குதா?" என்று தலையைச் சொறிந்தார் மெக்கானிக். "சரி, நான் கேக்குறதுக்கு யோசிச்சுச் சொல்லுங்க. வண்டிக்குள்ள கார்பெட் ஈரமா இருக்கா?"

"இல்லை. காய்ஞ்சுதான் இருக்கு."

"உள்ள உக்காந்தா இனிப்பா ஏதாவது வாசனை?"

மெஷினை நிறுத்தியிருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மீட்டர்காரர் பதில் சொல்ல அரை நொடி தாமதித்தார்.

"இல்லை," என்றார்.

"அப்போ எஞ்சினுக்குள்ளதான். மேல்பாகத்தைக் கழட்டி கேஸ்கெட்டைப் பார்க்கணும். பத்து நாள் ஆகும்."

பத்து நாள் அவரிடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய மனைவி வருகிறார். அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் தாண்டி ஒரு நாட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. போய் ஏழு வருடம். நடுவில் இரண்டு தடவை டிக்கெட் போட்டு, இரண்டு தடவையும் அந்தப் பெரியம்மாவுக்கு உடம்பு மோசமாகி, வர முடியாமல் போனது. இப்போது ஒரு மாத லீவு. விமான நிலையம் ஆறு மணி நேரத் தூரம், நடுவில் ஒரு மலைப் பாதை வேறு.

"வாடகை வண்டி எடுத்துட்டுப் போங்க சார். ஏத்தத்துல தண்ணி வத்துச்சுன்னா எஞ்சின் அப்படியே நின்னுடும். நீங்க மலையில, அவங்க ஏர்போர்ட்டுல. தேவையா?"

"அவ போனப்போ இந்த வண்டியிலதான் போனா," என்றார் மீட்டர்காரர். "பெட்டியை மடியில வச்சுக்கிட்டு அந்தச் சீட்டுல உக்காந்து போனா. வரும்போது வேற எவன் வண்டியிலயோ எப்படிங்க?"

 "கேனை நிரப்பி எடுத்துக்குங்க. பத்துப் பத்து கிலோமீட்டருக்கு நிறுத்திப் பாருங்க. உங்க தலையெழுத்து," என்று மெக்கானிக் கூலண்ட் கேன் ஒன்றை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் வண்டியை என் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் சீட்டுக்குப் புதுக் கவர் போட வேண்டும். பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்து, தூசி தட்டி வைக்க வேண்டும். சனிக்கிழமை அண்ணி வந்து உட்காரும்போது அது பளிச்சென்று இருக்க வேண்டும்.

பசை வாடை வண்டிக்குள் போகுமே என்று நான் கண்ணாடியை இறக்கப் போனேன்.

"வேண்டாம் தங்கச்சி," என்று அவசரமாக என் கையைத் தடுத்தார். பிறகு வெட்கப்பட்டவர் மாதிரி தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கிருந்து வரும்? கொஞ்ச நேரம் கழித்து அவரே டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு பவுடர் டப்பாவைக் காட்டினார். மூடியில் பூப்படம் போட்ட, விளிம்பில் துருப்பிடித்த டப்பா.

"அவளோடது. ஏர்போர்ட்டுல இறங்குற அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா. கண்ணாடியை ஏத்தியே வச்சிருந்தா வண்டிக்குள்ள அந்த வாசனை இருக்கும். லேசா, இனிப்பா. நடுவுல குறைஞ்சுபோயிருந்துச்சு. இந்த நாலு மாசமா திரும்பக் கூடியிருக்கு. அவ லீவு கிடைச்சுடுச்சுன்னு சொன்ன மாசத்துல இருந்து." சொல்லிவிட்டு டப்பாவை வைத்து மூடினார். "மெக்கானிக்கிட்ட சொல்லிடாதீங்க. ஊர் முழுக்கச் சிரிக்க வச்சுடுவாரு."

நான் தலையை ஆட்டினேன். அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்து ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். இனிப்பான வாசனை இருந்தது. எனக்காக ஒருவர் ஒரு சீட்டை ஏழு வருடம் ஒட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் டிரைவர் சீட்டின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மறுநாள் மதியம்தான் பக்கத்து சீட்டுக்கு வந்தேன். டேப்பைப் பிரித்து, பிளாஸ்டிக்கை மேலிருந்து சுருட்டிக்கொண்டே இறங்கினேன். மேல்பாகம் அப்படியே புதுசு. கால் வைக்கும் இடத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முழங்காலை ஊன்றி இழுத்தேன். முழங்கால் நனைந்தது.

பிளாஸ்டிக்கின் அடியில் கார்பெட் ஊறிப்போயிருந்தது. டேஷ்போர்டின் அடியிலிருந்து ஈரம் இறங்கி, சீட்டின் கீழ்வரை போயிருந்தது. சீட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மேலே புதுசாக இருந்த சீட்டின் அடி ஸ்பாஞ்சு கறுத்து, கை வைத்ததும் பிய்ந்தது. உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை. தொட்டால் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தேன்.

அதே வாசனை.

 அந்தப் பக்கம் மெக்கானிக் அண்ணன் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் அடுத்த நிமிடம் வந்து நிற்பார். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் துடைத்து, காயவைத்து, திரும்ப ஒட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். மூன்று நாள்தானே, அண்ணி வந்த பிறகு யாருக்கு வேண்டும் அந்த வாசனை? அப்புறம் அந்த மலை ஏற்றம் ஞாபகம் வந்தது. ஆவி கிளம்பும் பானெட்டின் முன்னால் இவர் கேனோடு நிற்கிறார். அங்கே அண்ணி பெட்டியை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கிறார். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை.

மாலை அவர் வந்தார். மதியத்திலிருந்து மனதுக்குள் கோத்து வைத்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கார்பெட்டில் கையை அழுத்தி, அவர் முன்னால் நீட்டினேன்.

"மோந்து பாருங்கண்ணே."

குனிந்து மோந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, கையில ஒட்டியிருக்கே," என்றார்.

மெக்கானிக் வைத்துவிட்டுப் போன கூலண்ட் கேனை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினேன். "இதையும்."

மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பக் குனிந்து, என் கையை ஒரு தடவை, கேனை ஒரு தடவை மோந்தார். வீட்டு வாசல்களில் மீட்டரை இரண்டாம் தடவை சரிபார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு வண்டியைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பச்சைக் கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுவா?" என்றார்.

"இதுதாண்ணே."



"ஊர்ல எல்லாரையும் எல்லாக் குழாயையும் மூடிப் பாருங்கன்னு சொல்றவன்," என்றார், தொட்ட விரலைப் பார்த்துக்கொண்டே. "இந்த ஒன்னை மட்டும் நான் பார்க்கவே இல்லை பாருங்க."

எழுந்து, நடுச்சுவர் பக்கம் அவரே போனார். "மெக்கானிக் சார். இனிப்பா வாசனை வருதான்னு கேட்டீங்களே. வருது."

சுத்தியல் சத்தம் நின்றது. "எப்போல இருந்து?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா!" மெக்கானிக் சுவரைத் தாண்டியே வந்துவிட்டார். தலையை வண்டிக்குள் விட்டார், விரலால் தொட்டார், வெளியே வந்தார். "ஹீட்டர் ரேடியேட்டர் சார் இது! டேஷ்போர்டுக்குள்ள குட்டியா ஒன்னு இருக்கும். நம்ம வெயிலுக்கு யார் ஹீட்டர் போடுறா? ஆனா போட்டாலும் போடலைனாலும் எஞ்சின் தண்ணி அதுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். அது ஓட்டையாயிடுச்சு. முன் கண்ணாடியில உள்பக்கமா எண்ணெய் மாதிரி படியலை?"

"படியும். தினமும் காலையில துடைப்பேன்."

"துடைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வருவீங்க! நான் பைத்தியக்காரன் மாதிரி அட்டையை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏன் சார் சொல்லல? வாசனை பிடிச்சிருந்துச்சா?"

மீட்டர்காரர் தரையைப் பார்த்தார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் நூல்கண்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்ன புரிந்ததோ, அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி விடுங்க. சனிக்கிழமைக்கு ரெடி," என்றார்.

நாலு மாதம் தேடியதற்கு அரை மணி நேர வேலைதான். ஹீட்டருக்குப் போகிற குழாயையும் அங்கிருந்து வருகிற குழாயையும் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். திரும்பக் காற்றடித்தார். முள் நின்ற இடத்திலேயே நின்றது. ஹீட்டர் இனி வேலை செய்யாது, அதனால் ஒன்றும் இல்லை.

கார்பெட்டைக் கழற்றி, இரண்டு நாள் வெயிலில் நடுச்சுவர் மேல் போட்டேன். சீட்டின் அடியில் அழுகிய ஸ்பாஞ்சை வெட்டியெடுத்துப் புதியதை ஒட்டினேன். மேல் துணியை மாற்றவில்லை, அது அண்ணி தேர்ந்தெடுத்த துணி. கதவுகள் நாலும் திறந்தே கிடந்தன. வெள்ளிக்கிழமை வண்டிக்குள் ரெக்சின் வாடையும் வெயிலும்தான் இருந்தன.

வண்டியை எடுக்க வந்தவர் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு பவுடர் டப்பாவைத் திறந்தார். உள்ளே பவுடர் கட்டிதட்டி, விரலால் கீறினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மோந்தார். என்னிடம் நீட்டினார். நானும் மோந்தேன். ஒன்றும் இல்லை.

"இதுல எப்பவோ போயிருக்கு," என்றார். டப்பாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடிகளை இறக்கியபடியே ஓட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. தைத்த தையலைப் பிரித்துத் தைத்தேன். ஒன்பது மணிக்கு மலை ஏறியிருப்பார், பதினோரு மணிக்கு இறங்கியிருப்பார் என்று நானே கற்பனையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். "என்ன தங்கச்சி, மணியை அஞ்சு தடவை பார்த்துட்டே," என்றார் மெக்கானிக். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அந்தச் சீட்டிலிருந்து அண்ணி இறங்கினார். இளைத்திருந்தார். முன் தலையில் நரை. குரல் மட்டும் பழைய குரல்.

"ஏழு வருஷம் கழிச்சு வர்றேன் தங்கச்சி. பொண்டாட்டி முகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி இந்த மனுஷன் பானெட்டைத் திறந்து தண்ணியைப் பார்க்குறாரு! மலையில நாலு தடவை நிறுத்தினாரு. எனக்குக் கூட இப்படிக் காய்ச்சல் பார்த்தது கிடையாது."

"குறையல," என்றார் மீட்டர்காரர் மெக்கானிக்கிடம், அதை மட்டும்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. பெரியம்மாவின் துணியையும் படுக்கையையும் அலசி அலசி வந்த வெடிப்பு. அதற்குத் தடவும் களிம்பின் வாடை அடித்தது, மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி கொஞ்சம் காரமான வாடை. மீட்டர்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, புதிதாக ஒரு வீட்டு மீட்டரைப் பார்ப்பது மாதிரி அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "அவ இப்போ பவுடரே போடுறதில்லையாம்," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகச் சொன்னார்.

அந்த ஒரு மாதம் தினமும் அந்த வண்டி எங்கள் தெரு வழியாகப் போனது. முன் சீட்டில் அண்ணி. பேசிக்கொண்டே போவார், சில நாள் தூங்கிக்கொண்டே போவார். கண்ணாடி இறக்கி, முழங்கை வெளியே. எங்களைப் பார்த்தால் கையை ஆட்டுவார்.

பிறகு லீவு முடிந்து அண்ணி திரும்பிப் போனார். திங்கட்கிழமை மீட்டர்காரர் தனியாக வந்தார். மெக்கானிக்கிடம் பானெட்டைத் திறந்து தொட்டியைக் காட்டினார். பழைய கோடுகளை அழித்துவிட்டு, போன மாதம் போட்ட ஒரே ஒரு பென்சில் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. "இன்னும் இருபது வருஷம் ஓடும் சார்," என்றார் மெக்கானிக். 

என் பக்கம் வந்தார். பிளாஸ்டிக் ஷீட் வேண்டுமா என்று கேட்க நினைத்து, வெட்டி வைத்த ஷீட்டைச் சும்மா கையால் தொட்டேன்.

"வேண்டாம்," என்றார். பிறகு முன் கதவைத் திறந்தார். கண்ணாடி நாலும் ஏற்றியிருந்தது. "தங்கச்சி, கொஞ்சம் தலையை உள்ள விட்டுப் பாருங்களேன். எனக்கு மட்டும்தான் தோணுதான்னு தெரியல."

விட்டேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். முதலில் ரெக்சின் வாடை. அப்புறம், சீட்டின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில், லேசாக, அந்தக் களிம்பின் வாடை.

"வருதுண்ணே," என்றேன்.

 நான் குனிந்து, அண்ணி கால் வைத்திருந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.